காலுறை

ஆட்டைத் தூக்கும்போது அல்ல.
அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், டாக்டர்.
இருபத்தாறு பருவங்கள்.
நாளொன்றுக்கு நூற்றுமுப்பது மெரினோ.
ஒவ்வொன்றையும் என் முழங்கால்களுக்கு நடுவே உட்காரவைத்து
இரண்டாய் மடிந்து நின்று
ரோமத்தை ஒரே போர்வையாய் உரித்துக் கொடுத்தவன்.
அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லை.

இடது காலுறை.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து குனிந்தேன்.
தும்மல் வந்தது.
அவ்வளவுதான்.

பாதி ஏறிய காலுறையோடு தரையில் கிடந்தேன்.
சமையற்காரி ரொசால்பா
மாத்தே ஆறுகிறது என்று
மூன்று முறை கூப்பிட்டாள்.

வேடிக்கை என்னவென்றால் வலி இடுப்பில் இல்லை.
புட்டத்தில் புறப்பட்டு
தொடை ஓரமாய் இறங்கி
முன்காலைச் சுற்றிக்கொண்டு
கட்டைவிரலில் போய் நின்றது.
அந்த விரலைத் தூக்கச் சொன்னால்
அது என்னை யாரோ என்று பார்த்தது.

கொட்டகையில் எல்லோரும் மருத்துவர் ஆனார்கள்.
ஜவ்வு விலகிவிட்டது என்றான் ஔகாபான்,
ஏறி மிதித்தால் உள்ளே போய்விடும் என்றான்.
நல்லவேளை, அவன் பூட்ஸைத் தேடுவதற்குள்
லாரி வந்துவிட்டது.

த்ரெலேவ் வரை ஏழு மணி நேரம்,
பின்சீட்டில் குப்புற.
காற்று, முட்புதர், காற்று.

அப்புறம் அந்தக் குழாய்.
அசையாதீர்கள் என்றது ஒலிபெருக்கி.
பின்புறத்தில் உட்காரவைத்த ஆடு
எப்படிச் சட்டென்று அடங்கிப்போகும்,
கண் மட்டும் எப்படி உருளும் என்று
எனக்குத் தெரியும்.
உள்ளே இருந்து தெரிந்தது அன்றுதான்.

டாக்டர் நெரிஸ் ப்யூ, நீங்கள் படத்தைக் காட்டினீர்கள்.
கறுப்பு வெள்ளையில் என் எலும்புகள்
கம்பளி மூட்டைகள்போல் அடுக்கி இருந்தன.
நடுவில் மெத்தைகள்.
மேலே இருந்தவை வெளுப்பாய், நீரோடு.
கடைசி இரண்டும் கறுத்து, வற்றி.

"விலகவில்லை. விலகவும் முடியாது.
மேலெலும்போடும் கீழெலும்போடும் ஒட்டி வளர்ந்தது அது.
விளிம்பு கிழிந்திருக்கிறது.
உள்ளிருந்த கூழ் பிதுங்கி
நரம்பின் வேரில் பட்டிருக்கிறது.
அழுத்தம் பாதி, எரிச்சல் பாதி."

தும்மலா செய்தது என்றேன்.
"அம்மாவுக்கு முதுகுவலி உண்டா?"

அம்மா ஆட்டைத் தொட்டதே இல்லை.
எஸ்கெல் தொலைபேசி நிலையத்தில்
காதில் கருவியோடு உட்கார்ந்தே இருந்தவள்.
வீட்டுக்கு வரும்போது
காற்றே இல்லாத நாளிலும்
காற்றுக்குச் சாய்ந்தவள்போல் நடப்பாள்.
நாங்கள் சிரிப்போம்.

நீங்கள் எழுதிக்கொண்டீர்கள்.

பிறகு கேட்டீர்கள்: சிறுநீர் சரியாய்ப் போகிறதா?
சேணம் படும் இடம் மரத்திருக்கிறதா?
குதிரை ஏறுகிறவனிடம் இதைவிடத் தெளிவாய்
யாரும் எதையும் கேட்டதில்லை.
இல்லை என்றேன்.
உங்கள் தோள் கொஞ்சம் இறங்கியது.
மரத்தால் அந்த நிமிடமே வரவேண்டும் என்றீர்கள்,
நடுராத்திரியானாலும்.

"இப்போதைக்குக் கத்தி வேண்டாம். நடங்கள்.
பிதுங்கியதை உடம்பே தின்றுவிடும்.
எல்லோருக்கும் அல்ல. பலருக்கு.
பெரிதாய் வெளியே வந்திருந்தால்
இன்னும் சீக்கிரமாய்."

வேலி தாண்டிய குட்டியை
நரி கொண்டுபோவதுபோலவா?

யோசித்து, ஏறக்குறைய, என்றீர்கள்.

வாழ்நாளெல்லாம் நரிக்கு எதிராய்க் கம்பி கட்டியவன்
இப்போது இரவில் விழித்துக் கிடக்கிறேன்,
வா, வந்து தின்னு என்று.

பதினோராவது வாரம்.
குழு என்னை விட்டுவிட்டு ரியோ மாயோ போய்விட்டது.
என் இடத்தில் நிற்கும் பையன்
தொண்ணூறுதான் கத்தரிக்கிறானாம்.
இதைக் கேட்டு மகிழக்கூடாது.

பாலம் வரை நடக்கிறேன், திரும்புகிறேன்.
செருப்புதான். குளிர்ந்தால் குளிரட்டும்.

இன்று காலை
போர்வைக்கு வெளியே நீட்டிய இடது காலில்
கட்டைவிரல், நான் சொல்லாமலே,
ஒரு நெல்லளவு நிமிர்ந்தது.

காலுறை கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது,
அன்று விழுந்த அதே இடத்தில்.
எடுக்கலாம். குனியக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்,
இடுப்பில் மடங்காமல் முழங்காலில்.
அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.